ரயில் அதிர்வு அளக்கும் சேவை: அளவுக்குக் காசு கொடுக்கலாம், கணிப்புக்கு வேண்டாம்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி வீடோ லாட்ஜோ கட்டுகிறவர்களுக்கு ரயில் சத்தத்தையும் தரை அதிர்வையும் அளந்து, மனைக்கு எவ்வளவு வரும் என்று கணித்து அறிக்கை தருகிறார்கள் இந்தச் சேவைக்காரர்கள்.

அளக்கிற வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரை அதிர்வை மூன்று திசையிலும் உணரும் கருவியான முத்திசை ஜியோபோனைப் பொலபொலவென்ற மேல்மணலில் குத்தினால் கருவி தனியாக ஆடி, இல்லாத அதிர்வைக் காட்டும். இவர்கள் ஒரு முழம் தோண்டி, ஈரமணல் தட்டியபின் புதைத்து, சுற்றிலும் மிதித்து இறுக்குகிறார்கள். மைக் தண்டவாள நடுவிலிருந்து 7.5 மீட்டரில், தண்டவாள மட்டத்துக்கு மேல் 1.2 மீட்டர் உயரத்தில். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் 94 டெசிபல் ஒலியை எழுப்பும் காலிபிரேட்டரால் மைக்கைச் சரிபார்ப்பு. அரை டெசிபலுக்கு மேல் விலகினால் அந்தப் பதிவு குப்பைக்கு. கச்சான் காற்று வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் பஞ்சு உறை போட்டும் பயனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். நியாயம்தான்.

கோட்டை விட்டது கணிப்பில். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் கழிக்கிறார்கள். அது ஒற்றை ஹாரனுக்குப் பொருந்தும். நீளமான ரயிலுக்குப் பக்கத்தில் 3 தான் குறையும். 7.5 மீட்டரில் 88 என்றால் 30 மீட்டரில் 82 வரவேண்டும், அறிக்கையில் 76! படுக்கையறை ஜன்னலை இதை நம்பியா தேர்ந்தெடுப்பது?

வேகத் திருத்தமும் இல்லை. வேகம் இரட்டித்தால் சக்கரச் சத்தம் ஏறக்குறைய 9 டெசிபலும் அதிர்வு 6 டெசிபலும் ஏறும். ஸ்டேஷனுக்கு முன் மெதுவாக வரும் ரயிலை அளந்து, வேகமாய் ஓடும் இடத்து மனைக்கு அதே எண்ணைப் போடுகிறார்கள். மலிவாகத் தரும் பழைய மண்டபம் பதிவுகளையும் வாங்காதீர்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, புதுப்பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. முன்பு பாலத்தை நோக்கி ஊர்ந்த வண்டிகளின் அளவு இன்றைக்கு உதவாது.

"பாதுகாப்பானது" என்ற முத்திரை இன்னொரு வில்லங்கம். ஜெர்மன் தரத்தின் வினாடிக்கு 5 மில்லிமீட்டர் வரம்பு சுவர் விரிசலுக்கானது. தூங்குகிறவருக்கு 0.3-லேயே கட்டில் ஆடுவது தெரியும். சத்தத்துக்கு நம் நாட்டு 2000-ஆம் ஆண்டு விதி குடியிருப்புக்கு இரவில் 45 டெசிபல். அந்த ஒப்பீடு அறிக்கையில் எங்குமே இல்லை.

மீதித் தொகையைக் கொடுக்குமுன் மூல அலைப்பதிவுக் கோப்பையும், ஒவ்வொரு ரயிலின் வேகம், பெட்டி எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் கையில் இருந்தால் கணிப்பை வேறு ஆளிடம் போட்டுக்கொள்ளலாம்.