மருந்து கலந்த எலும்பு சிமென்ட்: கலந்து கொடுக்கிறவளின் மதிப்பீடு

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கும்போது எலும்பு சிமென்ட் கலந்து கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. தியேட்டர் நர்ஸாகப் பல வருடம். மருந்து இல்லாத சாதா சிமென்ட், கம்பெனியே ஆன்டிபயாடிக் கலந்து பாக்கெட்டில் அனுப்புவது, டாக்டர் சொல்ல நாங்களே மேசையில் வைத்து மருந்துப் பொடியைச் சேர்ப்பது என்று மூன்றையும் இந்தக் கையால் கலந்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் "மருந்து போட்ட சிமென்டாமே, அதையே வைக்கச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சிமென்ட் என்றதும் பசை போல ஒட்டும் என்று நினைக்க வேண்டாம். இது ஒட்டாது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், நாங்கள் பி.எம்.எம்.ஏ. என்போம். பல் செட் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்கும் இதே குடும்பம்தான். எலும்பின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே இறுகி, உலோக மூட்டை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஜான் சார்ன்லி என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். அப்புறம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் என்ற டாக்டர் இதனுடன் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்து பார்த்து, எங்கெல்பிரெக்ட் என்பவருடன் சேர்ந்து 1970இல் அதை வெளியிட்டார். இன்று பாக்கெட்டில் வருவது அந்த யோசனையின் நேர் வாரிசு.

யோசனை எளிமையானது. உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ஒரு கிருமி அதன்மேல் போய் உட்கார்ந்து, தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொண்டால், நரம்பு வழியாக எவ்வளவு மருந்து ஏற்றினாலும் அதை அசைப்பது கடினம். ஆகவே அது உட்காரும் முன்பே, உட்காரப் போகிற இடத்திலேயே மருந்து காத்திருக்க வேண்டும். சிமென்டிலிருந்து கசியும் மருந்து மூட்டைச் சுற்றி மிக அதிக அளவில் இருக்கும், ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கும். முதல் தடவை மூட்டு மாற்றுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்குத்தான் ஆழமான தொற்று வருகிறது. ஆனால் அந்த ஒருவர் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன எண்ணிக்கையாகத் தெரியாது.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். வழக்கமான அளவு 40 கிராம் பொடி, கூடவே ஒரு கண்ணாடிக் குப்பியில் திரவம். கம்பெனி கலந்து அனுப்புவதில் மருந்து அரை கிராம் முதல் ஒரு கிராம் வரைதான் இருக்கும். பாலகோஸ் ஆர்+ஜி என்ற பிராண்ட் என்றால் 0.5 கிராம் ஜென்டாமைசின், சிம்ப்ளெக்ஸ் என்ற பிராண்டில் மருந்து கலந்தது என்றால் 1 கிராம் டோப்ராமைசின். பாலகோஸ் பச்சை நிறத்தில் இருக்கும். எலும்பிலிருந்து சிமென்டைப் பிரித்துப் பார்க்க, பிறகு என்றாவது அதைச் சுரண்டி எடுக்க வேண்டி வந்தால் ஒன்றும் விட்டுப்போகாமல் பார்க்க, அந்தப் பச்சை எவ்வளவு உதவி என்பது மறு ஆபரேஷனில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கலக்கும்போது சாதா சிமென்டுக்கும் இதற்கும் என் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை, அதை நல்ல விஷயமாகவே சொல்கிறேன். திரவத்தை ஊற்றியதும் மூக்கில் ஏறுகிற அதே காரமான வாடை. வாக்குவம் வைத்து, அதாவது காற்றை உறிஞ்சி எடுத்தபடி கலக்கிறோம், காற்றுக் குமிழி குறைந்தால் சிமென்ட் உறுதியாக இருக்கும். முதலில் கூழ், பிறகு கையுறையில் நூல் இழுக்கிற பிசுபிசுப்பு. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். எந்த நொடியில் கையுறையில் ஒட்டாமல் விடுகிறதோ, அதுதான் பதம். "ரெடி சார்" என்று நான் சொல்கிற அந்த ஒரு வார்த்தைக்காக மொத்த அறையும் காத்திருக்கும். சிமென்டை டாக்டர் உள்ளே வைத்து அழுத்திப் பிடித்திருக்க, மிச்சத்தை உருண்டையாக்கி என் உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பு, திடீரென்று பிடிக்க முடியாத சூடு, டிரேயில் போட்டால் கல் விழுந்த மாதிரி சத்தம். உள்ளே இருப்பதும் இறுகிவிட்டது என்று அதை வைத்துச் சொல்வோம். அறை சூடாக இருந்தால் இதெல்லாம் வேகமாக நடந்துவிடும், அதனால் தியேட்டரின் வெப்பநிலையை ஒரு கண் பார்த்துக்கொண்டுதான் குப்பியை உடைப்பேன்.

இந்தச் சூட்டினால்தான் எல்லா ஆன்டிபயாடிக்கையும் இதில் சேர்க்க முடியாது. ஜென்டாமைசின், டோப்ராமைசின், வான்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவை தாக்குப்பிடிக்கும். ரிஃபாம்பிசினைப் போட்டால் கதை வேறு, சிமென்டையே ஒழுங்காக இறுக விடாது.

நாமே கலப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மருந்துப் பொடி இருப்பில் இல்லை, யாரோ ஊசிக்கு வைத்திருந்த ஜென்டாமைசின் திரவத்தை எடுத்து ஊற்றிவிட்டார்கள். மாவு பதத்துக்கே வரவில்லை, நேரம் தாண்டியும் ஈரமாக, தளர்வாகக் கிடந்தது. நல்லவேளை, டாக்டர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பாக்கெட் பிரிக்கச் சொன்னார். திரவ மருந்து சிமென்டின் பலத்தை வெகுவாகக் குறைத்துவிடும். ஒருவர் 15, 20 வருடம் நடக்கப் போகிற மூட்டு அதன்மேல்தான் நிற்கப் போகிறது! பொடியாகச் சேர்த்தாலும் 40 கிராமுக்கு 2 கிராமைத் தாண்டினால் பலம் இறங்கத் தொடங்கும், கட்டி கட்டியாக நின்றால் இன்னும் மோசம். முதல் தடவை மூட்டு வைக்கும்போது கம்பெனி கலந்த பாக்கெட் போதும், அதில் சொந்தக் கைவரிசை வேண்டாம் என்பதில் நான் மாற மாட்டேன்.

மருந்து வெளியே வருகிற விதத்திலும் ஏமாறக் கூடாது. சிமென்டின் மேல்பரப்பில் இருப்பது முதல் சில மணி நேரத்திலும் சில நாளிலும் பாய்ந்து வெளியேறும், பிறகு வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக. போட்ட மருந்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே வராது, மிச்சம் சிமென்டுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். "ஆயுசுக்கும் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிருமியைக் கொல்லப் போதாத அளவில் நீண்ட நாள் கசிவதால், மருந்துக்குப் பழகிய கிருமிகள் தலையெடுக்குமோ என்ற கவலை டாக்டர்களிடம் உண்மையாகவே இருக்கிறது.

பலன் உண்டா? இடுப்பைப் பொறுத்தவரை என் பதில் உண்டு என்பதுதான். நார்வே நாட்டின் மூட்டுப் பதிவேட்டில் 1987 முதல் 2001 வரை நடந்த 22,170 இடுப்பு மாற்றங்களைப் பார்த்தபோது, நரம்பு வழி மருந்தும் மருந்து கலந்த சிமென்டும் இரண்டும் கிடைத்தவர்களுக்குத்தான் மறு ஆபரேஷன் குறைவு. முழங்காலில் அவ்வளவு தெளிவு இல்லை. ஸ்பெயினில் 2,948 முழங்கால்களில் எரித்ரோமைசினும் கோலிஸ்டினும் கலந்து சோதித்தார்கள், 2013இல் வெளியானது, ஆழமான தொற்றில் வித்தியாசம் வரவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து பாதி மூட்டு வைத்த வயதானவர்களிடம் பிரிட்டனில் 26 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. ஒரே மருந்து குறைந்த அளவில் கலந்த சிமென்டில் ஆழமான தொற்று 1.7 சதவீதம், இரண்டு மருந்து அதிக அளவில் கலந்ததில் 1.2 சதவீதம். அந்த வித்தியாசத்தை உறுதியானது என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆக, "டபுள் டோஸ்" என்ற பேச்சு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆனால் தொற்று வந்துவிட்ட மூட்டில் இதே பொருள் வேறு ஆளாகிவிடுகிறது. பழைய மூட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவி, காலியான இடத்தில் ஸ்பேசர் என்று ஒரு தற்காலிக மூட்டைச் சிமென்டிலேயே வார்ப்பார்கள். இங்கே பலம் முக்கியம் இல்லை, மருந்துதான் முக்கியம். ஒரு பாக்கெட்டுக்கு 3, 4 கிராம், சில சமயம் அதற்கும் மேல் சேர்ப்போம். வான்கோமைசின் குப்பியைத் திறந்து கட்டிகளை உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, வாக்குவம் இல்லாமல் கையால் கலப்பேன். துளைகள் கூடினால் மருந்து நன்றாகக் கசியும், இங்கே நமக்கு வேண்டியது அதுதான். வாரக்கணக்கில் சீழ் வடிந்த காலுடன் வந்த ஓர் அம்மா, ஸ்பேசர் வைத்த பிறகு காயம் காய்ந்து, புது மூட்டு வைக்கிற இரண்டாவது ஆபரேஷனுக்குத் தானே வாக்கர் பிடித்து நடந்து வந்தார். அந்த அளவு மருந்து ரத்தத்திலும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதித்தவர்கள் இருக்கிறார்கள், ஆகவே அந்த வாரங்களில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பதை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

அமெரிக்காவில் 2003இல் இந்தப் பாக்கெட்டுகளுக்கு முதலில் அனுமதி கிடைத்ததே, தொற்று தீர்ந்த பிறகு செய்யும் இரண்டாம் கட்ட ஆபரேஷனுக்குத்தான். ஐரோப்பாவின் பல நாடுகளில் முதல் மூட்டுக்கே சர்வசாதாரணமாகப் போடுகிறார்கள். சிமென்டே இல்லாமல் வைக்கிற மூட்டுகளும் உண்டு, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சுத்தமான தியேட்டருக்கும், தோலைக் கீறுவதற்கு முன்பே நேரத்துக்கு ஏற்றுகிற ஊசிக்கும், கட்டுக்குள் இருக்கிற சர்க்கரைக்கும் இது மாற்று இல்லை. அவையெல்லாம் சரியாக இருக்கிற இடத்தில் மேலே போடுகிற இரண்டாவது தாழ்ப்பாள் இது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

ஜென்டாமைசினோ அதன் இனத்தைச் சேர்ந்த மருந்தோ ஒத்துக்கொள்ளாது என்றாலும், சிறுநீரகத்தில் ஏற்கெனவே தொந்தரவு என்றாலும், முன்கூட்டியே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்புறம் பாக்கெட்டோடு ஒரு ஸ்டிக்கர் வரும், சிமென்டின் பெயர், மருந்து, பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். நான் அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டாமல் தியேட்டரை விட்டு வெளியே வருவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது அதன் விவரத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்த மூட்டை வேறொரு டாக்டர் திறக்க வேண்டி வந்தால், உள்ளே ஏற்கெனவே எந்த மருந்து இருந்தது என்பதைத்தான் அவர் முதலில் தேடுவார்.