ஒரே டிரான்சிஸ்டர், மூன்று பயாஸ்: எது அசையாமல் நிற்கும்?

சென்னை ரிச்சி தெருவில் பிசி547பி டிரான்சிஸ்டர் வாங்கினால் ஒன்றின் பீட்டா (பேஸ் கரண்ட்டைப் போல் எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்ற எண்) 200 இருக்கலாம், பக்கத்தில் இருப்பது 450 காட்டலாம். இரண்டுமே நல்ல சரக்குதான். 'சி' வகை கலந்துவிட்டால் 800 வரை போகும். பீட்டாவை நம்பிக் கணக்குப் போட்ட சர்க்யூட் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். 12 வோல்ட் சப்ளை, 3.3 கிலோ ஓம் கலெக்டர் ரெசிஸ்டர் என்று வைத்துக்கொண்டு, பயாஸ் கொடுக்கும், அதாவது சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டரில் ஓடவேண்டிய கரண்ட்டை அமைக்கும், மூன்று முறைகளையும் பார்ப்போம்.

ஃபிக்ஸட் பயாஸில் சப்ளையிலிருந்து பேஸுக்கு 1.8 மெகா ஓம் மட்டும். பீட்டா 200 என்றால் கலெக்டரில் 7.8 வோல்ட், 450 என்றால் 2.6, 600 என்றால் சாச்சுரேஷன் (கலெக்டர் வோல்டேஜ் அடிமட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் நிலை), ஒலி கரகரக்கும். சூடேறினால் பீட்டாவும் ஏறும். ஆம்ப்ளிஃபயருக்கு இதை வைக்கவே கூடாது.

இரண்டாவது, கலெக்டர் ஃபீட்பேக் பயாஸ்: அதே ரெசிஸ்டரை 820 கிலோ ஓமாக்கி, சப்ளைக்குப் பதில் கலெக்டரில் கட்டுங்கள். கரண்ட் கூடினால் கலெக்டர் வோல்டேஜ் இறங்கும், பேஸ் கரண்ட்டும் தானாகக் குறையும். பீட்டா 200-க்கு கலெக்டரில் 6.9 வோல்ட், 450-க்கு 4.7, 600-க்கும் 4 வோல்ட். பாகம் ஒன்றுகூடக் கூடவில்லை! குறை: சிக்னலும் அதே வழியில் திரும்பி வந்து இன்புட் இம்பீடன்ஸை (உள்ளே வரும் சிக்னலுக்கு சர்க்யூட் காட்டும் எதிர்ப்பை) குறைக்கும். அந்த 820-க்குப் பதில் 390 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போட்டு, நடுவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர் வைத்தால் அது பெருமளவு சரியாகும். மைக் பிரீஆம்புக்கு இது போதும்.

வோல்டேஜ் டிவைடர்தான் உண்மையில் நிலையானது. சப்ளையிலிருந்து பேஸுக்கு 47 கிலோ, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ, எமிட்டரில் 1 கிலோ ஓம். பீட்டா 200-க்கு கலெக்டரில் 7.4 வோல்ட், 450-க்கு 7.3. மே மாத வெயிலில் மூடிய பெட்டிக்குள் 30 டிகிரி கூடினாலும், பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் 60 மில்லி வோல்ட்தான் இறங்கும், கலெக்டர் 0.2 வோல்ட் நகரும், அவ்வளவுதான். எமிட்டரில் 1.4 வோல்ட் விழுவதால்தான் இந்தத் தாங்கும் சக்தி. சப்ளை 3 வோல்ட் என்றால் அந்த 1.4 வோல்ட்டை எமிட்டருக்கென ஒதுக்க முடியாது. அங்கே கலெக்டர் ஃபீட்பேக்கே மேல்.

வோல்டேஜ் டிவைடரில் பலர் தவறுவது எமிட்டர் பைபாஸ் கெபாசிட்டரில், அதாவது சிக்னல் எமிட்டர் ரெசிஸ்டரைச் சுற்றிப் போக அதற்குக் குறுக்கே வைப்பதில். 1 கிலோ ஓமை வைத்துக் கணக்கிட்டு 10 மைக்ரோ ஃபாரட் போடுகிறார்கள். அந்தக் கெபாசிட்டர் எதிர்கொள்வதோ டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சுமார் 18 ஓம். ஏறத்தாழ 880 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) சரிந்து, குரல் மெலிந்துவிடும். 220 மைக்ரோ ஃபாரட் போட்டால் அந்த எல்லை 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.