கறுப்பின உரிமைப் போராட்டப் பயிற்சிப் பெட்டி: மாலைப் படிப்பகத்துக்கு வாங்கலாமா?

மதுரையில் அச்சாகி, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து மாலைப் படிப்பகங்களில் புழங்கத் தொடங்கியிருக்கும் இந்தப் பெட்டியின் விலை 650 ரூபாய். 36 நிகழ்வு அட்டைகள், 6 கார் அட்டைகள், 40 ஆள் வில்லைகள், 20 நாணயங்கள், ஒரு துணி வரைபடம், 24 பக்கக் கையேடு. 12 முதல் 16 பேர், மூன்று மாலை, தலா ஒன்றரை மணி நேரம் தேவை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் முன்னேறியது சொந்தப் பொறுப்பாலா, அநீதியை எதிர்த்த போராட்டத்தாலா என்ற கேள்வியைச் சுற்றித்தான் எல்லாம்.

முதல் மாலை, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 1955-56-ல் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு. பெட்டியின் உயிரே இதுதான். பேருந்தில் ஏறாத 40 பேரைக் கார்களில் வேலை இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு காருக்கு 5 பேர், ஒரு நடைக்கு ஒரு நாணயம் பெட்ரோல். ஒரு நாளைக்கு 8 நடை என்றால் மூன்றாம் நாள் பாதியிலேயே காசு தீர்ந்துவிடும். அப்போதுதான் ஜார்ஜியா கில்மோர் அட்டையைத் திறக்க வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காகச் சமையல் வேலையை இழந்தவர் அவர். பெண்களைச் சேர்த்துச் சமைத்து விற்று, அந்தக் காசைப் போராட்டத்துக்கே கொடுத்தார். உண்மையான புறக்கணிப்பு சுமார் 300 கார்களோடு 381 நாள் நடந்தது. தன் கையூன்றி நிற்பதும் தெருவில் இறங்குவதும் இங்கே ஒரே வேலைதான் என்பது விளையாடும்போதே புரிகிறது.

ஒரு குறை: போலீஸ் அட்டை இல்லை. மணிக்கு 25 மைல் வேக எல்லையில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்று 1956 ஜனவரி 26 அன்று மார்ட்டின் லூதர் கிங்கையே கைது செய்தார்கள். கார் ஓட்டியவர்களுக்கு அபராதம் அன்றாடம் விழுந்தது. ஒரு தபால் அட்டையில் இதை எழுதிச் சேர்த்துவிடுங்கள். அந்த அட்டை வந்தால் ஒரு கார் ஒரு சுற்றுக்கு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்காகத் திட்டமிட்டாலே போதும் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் எழுந்து போவார்கள்.

இரண்டாம் மாலைக்கான வரைபடம் 1930களில் அமெரிக்க அரசு நிறுவனமே, வீட்டுக் கடன் கொடுக்க எந்தப் பகுதி நல்லது, எது ஆபத்து என்று நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எனப் பிரித்ததைக் காட்டுகிறது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு, அதாவது மிகவும் ஆபத்தானவை. துணியில் மஞ்சளும் சிவப்பும் குழல்விளக்கில் ஒன்றுபோல் தெரிகின்றன; சிவப்பின் ஓரத்தில் நூல் தைத்துவிடுவது நல்லது. கையேடு இதற்கு ஒன்றரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறது. பெரிய குறை இது. ஏனென்றால் "நம்ம பயலுக குடியை விட்டாலே பாதி சரியாப் போகும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்தப் பேச்சை அடக்கக் கூடாது, அதில் அக்கறை இருக்கிறது. அதற்கு எதிரே சிகாகோவின் லான்டேல் பகுதியை வையுங்கள். வங்கிக் கடன் மறுக்கப்பட்ட குடும்பங்கள் அங்கே பெருந்தொகைக்குத் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கின. கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் பெயரில். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. உழைப்பிலோ பொறுப்பிலோ குறை வைத்தவர்கள் அல்ல அவர்கள். 1968-ல் சங்கம் சேர்ந்து தவணையை நிறுத்தியே நியாயம் கேட்டார்கள்.

மூன்றாம் மாலையைப் பட்டிமன்றமாக்கியது தவறு. சொந்த உழைப்பால் முன்னேறச் சொன்ன கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் ஓர் அணி, உரிமைக்குப் போராடச் சொன்ன கறுப்பின அறிஞர் டு போய்ஸ் மற்றோர் அணி, நடுவர் தீர்ப்பு. மதுரையில் இது கைதட்டலோடு நடக்கும், விஷயம்தான் செத்துப்போகும். தொழிற்கல்வியும் சேமிப்பும் முதலில் என்று 1895-ல் அட்லாண்டாவில் பேசிய வாஷிங்டன், அலபாமாவில் வாக்குரிமை பறிப்பை எதிர்த்த வழக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தவர். போராட்டக்காரராக மட்டும் காட்டப்படும் டு போய்ஸ், 1899-ல் ஃபிலடெல்ஃபியா ஆய்வில் கறுப்பினத்தவர் கடமை, வெள்ளையர் கடமை இரண்டையும் தனித்தனியே எழுதியவர். இந்த இரு செய்திகளும் 31, 32-ஆம் அட்டைகளில் இருக்கின்றன. அணி பிரிக்கும் முன்பே அவற்றை வாசித்துவிடுங்கள். தீர்ப்புக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தன் ஊரில் தானே செய்யக்கூடியது ஒன்று, அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று என எழுதட்டும்.

1939 ஜூலை 8 மீனாட்சி கோயில் நுழைவு அட்டையைக் கடைசி அரை மணி நேரத்துக்கு வையுங்கள். சாதியும் நிறமும் ஒன்று என்று அந்த அட்டை சொல்லவில்லை, அந்தக் கவனம் பாராட்டத்தக்கது. வில்லைகள் மெல்லிய அட்டை, சீக்கிரம் மடங்கும், புளியங்கொட்டை போதும். 14 வயதுக்குக் கீழே இரண்டாம் மாலை ஏறாது. மற்றவர்களுக்குத் தாராளமாக வாங்கலாம்.