கரண்ட் போனால் எல்லாம் மறக்கும் வாட்ச் வைண்டர்: கடலூரிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

நான் ரூ.18,000 கொடுத்து வாங்கிய அதே இரட்டை வைண்டர் இப்போது ரூ.13,000க்கு இறங்கியிருக்கிறது. கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சைக் கழற்றி வைக்கும்போது, அது நின்றுவிடாமல் சுற்றிக்கொடுக்கும் பெட்டிதான் வைண்டர். இரட்டை என்றால் இரண்டு வாட்சுக்கு. விலை இறங்கிய அன்றே லாஸ்பேட்டை நண்பன் போன் போட்டு, "மச்சான், உன்கிட்ட இருக்கிற மாடல்தானே இது? ஆர்டர் போட்டுடலாமா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. போன வாரம்தான் அதை ரிப்பேர் பார்த்து வாங்கி வந்திருக்கிறேன். நல்லது, கெட்டது இரண்டுமே மனதில் சூடாக இருக்கின்றன. அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் வைண்டரில் ஏறும் வாட்சுகள் மூன்று. ஒன்று ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300. உள்ளே 8800 மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் இயந்திரம்), கழற்றி வைத்தால் 55 மணி நேரம் ஓடும். அடுத்தது 7750 மூவ்மென்ட் போட்ட ஒரு கிரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச். மூன்றாவது, மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொடுத்த சீக்கோ 5. மூன்றில் ஒன்று எப்போதும் கையில் இருக்கும், மற்ற இரண்டும் டிரம்மில், அதாவது வைண்டரின் சுழலும் உருளைகளில், சுற்றும். அதனால் இரட்டை வைண்டரே எனக்குப் போதும். உண்மையில் வைண்டர் வாங்கும் எண்ணமே அந்த சீக்கோவால் வந்ததுதான். அதில் இருப்பது 7எஸ்26. குமிழைத் திருகிச் சாவி கொடுக்க அதில் வழியே கிடையாது. கையில் கட்டி நடக்க வேண்டும், இல்லையென்றால் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையவே இருக்கிறது. சத்தம் இல்லை. இதற்கு முன் வைத்திருந்த மலிவான வைண்டர், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து அறையில் யாரோ அம்மியில் அரைப்பதுபோல் கேட்கும். இதை என் கட்டிலின் தலைமாட்டு அலமாரியில், கை எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். டிரம் திரும்பத் தொடங்கும்போது ஒரு சின்ன 'டக்', அவ்வளவுதான். காதைக் கொண்டுபோய் வைத்தால் மோட்டாரைவிட வாட்சின் ரோட்டார் (வாட்சுக்குள் சுழன்று சாவி ஏற்றும் எடைத்தட்டு) ஓடுகிற ஓசைதான் கேட்கிறது. அதிலும் 7750க்கு ஒரு பழக்கம் உண்டு. அதன் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றும்போதுதான் சாவி ஏறும். மறுபக்கம் சும்மா கடகடவென்று ஓடும். அந்த ஓசை எனக்குப் பிடிக்கும்.

வாட்சை மாட்டி வைக்கும் குஷனும் அருமை. பல வைண்டர்களில் குஷன் தடியாக இருந்து, என்னைப்போல மெலிந்த மணிக்கட்டுக்காரர்களின் ஸ்டீல் செயின் அதில் ஏறாது. தோல் பட்டையாக இருந்தால் இழுத்து மாட்டி மாட்டி ஓட்டை பெரிதாகிவிடும். இதில் குஷனுக்குள் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் சுருங்கி, விட்டால் பிடித்துக்கொள்ளும். வாட்ச் நழுவியதே இல்லை.

காந்தத்தையும் சோதித்தேன். ஒமேகாவைப் பற்றிக் கவலை இல்லை, அந்த 8800 மூவ்மென்ட் 15,000 காஸ் (காந்தப்புல அளவு) வரை தாங்கும் என்று சான்றிதழே உண்டு. சீக்கோவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நேரத்தைச் சீராக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் வாட்ச் கண்டபடி வேகமாக ஓடும். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்த திசைகாட்டியைக் குஷன் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். மோட்டார் ஓடும்போதும் முள் அசையவில்லை. மோட்டாருக்குக் கவசம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். மலிவான வைண்டர்கள் எல்லாவற்றிலும் இதை எதிர்பார்க்க முடியாது. வாங்கும் யாரும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

இதுவரை படித்தால் 'வாங்கு' என்றுதான் முடிப்பேன் என்று தோன்றும். என் கோபமெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில்.

கரண்ட் போய் வந்தால் இந்த வைண்டர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எந்தத் திசை என்று தனித்தனியாக வைக்கலாம். ஒமேகாவுக்கும் சீக்கோவுக்கும் 650, இரண்டு திசையும். அவை எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும் வகை. சீக்கோ 1959லேயே கொண்டுவந்த மேஜிக் லீவர் அதைத்தான் செய்கிறது. 7750க்கு 800 சுற்று, ஒரே திசை. இதெல்லாம் வாட்ச் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். ஆனால் ஒரு தடவை கரண்ட் போய் வந்ததும், டிஸ்பிளேயில் இரண்டு டிரம்மும் 650, இரண்டு திசை என்று கம்பெனி வைத்த எண்ணுக்குப் போய்விடுகின்றன. எச்சரிக்கை விளக்கு இல்லை, பீப் சத்தம் இல்லை. டிரம் வழக்கம்போல அழகாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில்தான் வயிற்றெரிச்சல். 650 சுற்றில் பாதி, அதாவது 325தான் 7750க்குத் தேவையான பக்கம். மீதி 325 வீணாகக் கடகடக்கும். அதற்குத் தேவையானதில் பாதிகூட ஏறவில்லை. ஏற்கெனவே மெயின் ஸ்பிரிங் நிறைந்திருப்பதால் வாட்ச் அன்றைக்கே நின்றுவிடாது. உள்ளே இருக்கும் சேமிப்பைத் தின்றுகொண்டே மூன்று நான்கு நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் கரண்ட் போனதையே நாம் மறந்திருப்போம். பிறகு ஒருநாள் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மூடியைத் திறந்தால், டிரம் சுற்றுகிறது, உள்ளே விளக்கு எரிகிறது, வாட்ச் மட்டும் செத்துக் கிடக்கிறது. தேதி முந்தாநாளைக் காட்டுகிறது. அப்போது மணி ராத்திரி பத்தாக இருந்தால் இன்னும் தொல்லை. இதுபோன்ற மூவ்மென்ட்டில் இரவு ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை மூன்று மணி வரை தேதியை நேரடியாகத் திருப்பக் கூடாது, பல்சக்கரம் பிடித்திருக்கும் நேரம் அது. முள்ளைக் கீழே ஆறு மணிப் பக்கம் கொண்டுவந்து, தேதியை மாற்றி, மறுபடி நேரத்தை வைத்து, கிழமையையும் சரிபார்த்து... வைண்டர் வாங்குவதே இந்த வேலையெல்லாம் இருக்கக் கூடாது என்றுதானே?

ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருப்பவருக்கு இது ஒரு குறையாகவே தெரியாது. அங்கிருப்பவர்கள் இந்த வைண்டரைப் புகழ்ந்து எழுதியிருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் கதை வேறு. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. காற்றோடு மழை அடித்தால் முன்னெச்சரிக்கையாகவே நிறுத்துவார்கள். இதெல்லாம் இல்லாத நாளிலும் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் ஒரு தடவை விளக்கு மினுக்கிவிட்டு வரும். அந்த மினுக்கலே போதும், எல்லாம் அழிந்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்திலேயே இது மறந்துவிடுகிறது. டிவி அணைவதில்லை, ஃபேன் வேகம்கூடக் குறைவதில்லை, வைண்டர் மட்டும் புதிதாகப் பிறந்ததுபோல் 650 என்று நிற்கும்.

நியாயமாகவும் பேச வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளமும் வந்தபோது எந்த வைண்டராக இருந்தாலும் நின்றுதான் போயிருக்கும். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கரண்ட் இல்லாமல் ஓடு என்று நான் கேட்கவில்லை. கரண்ட் வந்த பிறகு நான் வைத்த எண் ஞாபகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். ஒரு சாதாரண மைக்ரோகண்ட்ரோலருக்குள் எண்களைச் சேமித்து வைக்க இடம் இருக்கிறது. இல்லாவிட்டாலும் அதற்கென்று ஒரு சின்ன சிப் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வார்னிஷ் போட்ட மரம், கண்ணாடி மூடி, உள்ளே விளக்கு, இதற்கெல்லாம் செலவு செய்தவர்கள் இதில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கஸ்டமர் கேருக்கு எழுதினேன். "இது பொருளின் இயல்பான செயல்பாடு" என்று பதில் வந்தது. அந்த வரியைப் படித்த அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

போன வார ரிப்பேர் வேறு சங்கதி. இடது டிரம் திடீரென்று நின்று நின்று சுற்றியது. வாரண்டி முடிந்துவிட்டதால் திருப்பாதிரிப்புலியூரில் பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாம் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ. கழற்றிப் பார்த்தால் மோட்டாருக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட். அது இளகி, பிசுபிசுவென்று கப்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "மோட்டார் நல்லா இருக்கு தம்பி. இந்த ரப்பருக்கு நம்ம ஊரு கடல் காத்து ஆகாது" என்றார். கப்பியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, டேப் ரெக்கார்டருக்குப் போடும் பெல்ட் ஒன்றை டப்பாவிலிருந்து தேடி எடுத்து அளவு பார்த்து மாட்டினார். இப்போது முன்பைவிட அமைதியாகச் சுற்றுகிறது. ஒட்டுமொத்தமாகப் பிரித்து மாட்டும்படி செய்திருக்கிறார்கள், பசை போட்டு ஒட்டி மூடிவிடவில்லை. அதற்கும் ஒரு பாராட்டு.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். உள்பக்கம் ஒட்டியிருப்பது தோல் இல்லை, ரெக்சின். இரண்டு ஐப்பசி, கார்த்திகை தாண்டியதும் மூலைகளில் உரிந்து கருப்புத் தூளாக உதிரத் தொடங்கிவிட்டது. அந்தத் தூள் வாட்சின் செயின் இடுக்கில் போய் உட்கார்கிறது. மூடி நன்றாக இறுகுவதால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்திருக்கிறேன், மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெல்வெட் துணி ஒட்டியது கிடைத்தால் அதைப் பாருங்கள்.

மறதிக்கு ஒரு மாற்று வழியும் அந்தப் பெரியவர்தான் சொன்னார். வைஃபை ரவுட்டருக்குப் போடுகிறார்களே, அந்தக் குட்டி யூபிஎஸ். என் வைண்டரின் அடாப்டர் 12 வோல்ட் என்பதால் நேராகப் பொருந்தியது. 5 வோல்ட்டில் ஓடும் வைண்டர்களும் உண்டு, அவற்றுக்கு அதே வோல்ட் வெளியே கொடுப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும், ஒயரின் சொருகும் முனையும் பொருந்த வேண்டும். மாட்டிய பிறகு ஒரு தடவைகூட எண் அழியவில்லை. சந்தோஷம்தான். ஆனால் அலமாரியில் இன்னொரு டப்பா, இன்னொரு ஒயர், இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி மாற்றும் செலவு. இவ்வளவும் சில ரூபாய் சிப் ஒன்றை மிச்சம் பிடித்ததற்காக நான் கொடுக்கும் விலை.

நண்பனிடம் இருப்பது 80 மணி நேரம் ஓடும் டிசோ பவர்மேட்டிக் ஒன்றும், ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்றும். வெள்ளி ராத்திரி கழற்றி வைத்தாலும் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும் வாட்சுகள். நின்றாலும் குமிழை முப்பது நாற்பது சுற்று திருகினால் முடிந்தது. அவனுக்கு வைண்டரே அவசியமில்லை என்பதுதான் என் முதல் பதில். பர்பெச்சுவல் காலண்டர் (மாத நாள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் நாட்காட்டி), மூன்பேஸ் (நிலவின் பிறை காட்டுவது) என்று திரும்ப வைக்கச் சிரமமான வாட்ச் இருந்தால், அல்லது என் சீக்கோபோல் சாவி கொடுக்க முடியாதது இருந்தால், அப்போது வாங்கலாம்.

இதையே வாங்கலாமா என்றால், வேண்டாம். சத்தமில்லாத மோட்டார், நல்ல குஷன், ரிப்பேருக்குத் தோதான அமைப்பு எல்லாம் இருந்தும் வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்கிறேன். ரூ.10,000க்கு வந்தாலும் அதேதான். என்னுடையதை விற்கப் போவதில்லை, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அவன் பிடிவாதக்காரன், எந்த மாடலையாவது வாங்கத்தான் போகிறான். அவனுக்கு நான் சொல்வது இதுதான்: வந்து சேர்ந்த அன்றே வாட்சை மாட்டுவதற்கு முன்னால், 800, ஒரே திசை என்று வைத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கு. பத்து நிமிஷம் கழித்து மறுபடி மாட்டு. 800 என்று காட்டினால் வைத்துக்கொள். வேறு எண் வந்தால் அன்றைக்கே பேக் பண்ணித் திருப்பி அனுப்பிவிடு.