"விதைக் காணிக்கை" என்று 40,000 வாங்கினார்கள்: நேரலைத் தீர்க்கதரிசனத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

நாற்பதாயிரம். அப்பாவின் சிகிச்சைக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்த பணம். விதைபோல் போட்டால் ஆசீர்வாதமாகத் திரும்ப வரும் காணிக்கை என்று, இயேசுவின் பெயரைச் சொல்லியே அதை வாங்கிக்கொண்டு, இப்போது போனை எடுக்க மறுக்கிறார்கள். கோபம் ஆறும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. இன்று இரவும் அந்த நேரலை நடக்கும், இன்னொரு வீட்டில் யாராவது பணம் அனுப்புவார்கள்.

எந்த ஊழியம் என்று பெயர் போடவில்லை. இரவு நேரலையில் ஜெபம் நடத்தி, பார்ப்பவர்களைப் பெயர் சொல்லி அழைத்துத் தீர்க்கதரிசனம் உரைக்கிற வகை. இவர்களை வேதத்தைக் கொண்டு எப்படிச் சோதித்தறிவது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

அம்மா ஒருநாள் அவர்களுடைய ஜெப விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்பினார். பெயர், கைபேசி எண், அப்பாவுக்கு என்ன நோய் என்பது வரை எல்லாமே அதில் கேட்டிருந்தார்கள். அப்புறம் ஓர் இரவு அந்த ஊழியக்காரர் பாதிப் பாட்டில் நிறுத்தி, கண்ணை மூடி, "சிறுநீரகத்தில் வேதனைப்படுகிற ஒரு தகப்பனைக் கர்த்தர் எனக்குக் காட்டுகிறார்" என்றார். அடுத்து அம்மாவின் பெயரைச் சொன்னார். அம்மா அப்படியே முழங்காலில் விழுந்து அழுதார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் உடம்பு சிலிர்த்தது. தேவன் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த விசுவாசத்தின் மேல்தான் கை வைத்தார்கள்.

இது பழைய தந்திரம். 1986-ல் அமெரிக்காவில் பீட்டர் பாப்பாஃப் என்ற சுகமளிக்கும் பிரசங்கியாரின் கூட்டங்களில் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக் கலைஞர் இதைக் கண்டுபிடித்து, தொலைக்காட்சியிலேயே போட்டுக் காட்டினார். மக்கள் எழுதிக் கொடுத்த ஜெப அட்டைகளில் இருந்த பெயரையும் நோயையும் பாப்பாஃபின் மனைவி வானொலி வழியாகச் சொல்ல, பிரசங்கியார் காதில் ஒரு சின்னக் கருவி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே அட்டைக்குப் பதில் படிவம், அவ்வளவுதான்.

மறுநாளே ஒரு சகோதரி போன் செய்தார். அவ்வளவு அன்பான குரல். "அம்மா, சாறிபாத் ஊர் விதவை எலியா தீர்க்கதரிசிக்குக் கடைசி மாவைக் கொடுத்த பிறகுதானே பானையில் மாவு குறையாமல் இருந்தது? நீங்களும் ஒரு விதை விதையுங்கள்." எவ்வளவு என்று கேட்டதற்கு, வேதத்தில் நாற்பது விடுதலையின் எண்ணாம். வனாந்தரத்தில் நாற்பது வருஷம், நோவாவின் மழை நாற்பது நாள். அதனால் நாற்பதாயிரம். அதுவும் நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாசல் அடைபட்டுவிடும் என்றார். அனுப்பினோம்.

அப்பாவுக்குச் சுகம் கிடைக்கவில்லை, இன்னும் மோசமானது. சிகிச்சைக்குப் பணம் தேவை, திருப்பித் தாருங்கள் என்று கேட்டோம். முதலில் "காத்திருங்கள், சாட்சி வரும்" என்றார்கள். பிறகு "அவிசுவாசமாகப் பேசாதீர்கள், ஆசீர்வாதம் தடைபடும்" என்றார்கள். அடுத்த முறை வேறொரு சகோதரர் எடுத்து, வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடமே கேட்டார். நோயாளியின் மனைவியிடம் இப்படிக் கேட்க எப்படித்தான் நாக்கு வந்ததோ! கடைசியாக வந்த செய்தி: "கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் அனனியா சப்பீராளின் கதிதான்." அத்தோடு ஜெபக் குழுவிலிருந்து அம்மாவின் எண்ணையும் நீக்கிவிட்டார்கள்.

அன்று இரவு அம்மா பயந்துபோய்த் தூங்கவே இல்லை. அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்து, முழுவதும் இதுதான் என்று பொய் சொல்லி விழுந்து செத்தவர்கள். அதனால் நானே வேதத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அப்போஸ்தலர் 5:4-ல் பேதுரு அனனியாவிடம் என்ன சொல்கிறார்? நிலத்தை விற்பதற்கு முன்பும் அது உன்னுடையது, விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்கிறார். அவன் விழுந்தது பொய் சொன்னதற்காக, பணத்தை வைத்துக்கொண்டதற்காக அல்ல. இவர்கள் பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

சாறிபாத் கதையும் அப்படித்தான். 1 இராஜாக்கள் 17-ஐ முழுவதும் வாசியுங்கள். பிறகு அந்த விதவையின் மகன் இறந்துபோகிறான். என் அக்கிரமத்தை நினைப்பூட்டவா வந்தீர் என்று அவள் கதறும்போது, ஆமாம், உன் பாவம்தான் காரணம் என்று எலியா சொல்லவில்லை. பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கி, தன் கட்டிலில் கிடத்தி, தானே கர்த்தரை நோக்கிக் கூப்பிடுகிறார். நாற்பதாயிரம் வாங்கியவர்கள் எங்களுக்காக ஒரு போனைக்கூட எடுக்கவில்லை.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசையும் நேரலையில் அடிக்கடி சொல்வார்கள். அதற்குச் சற்று முன்னால் மாற்கு 12:40-ல், விதவைகளின் வீடுகளைப் பட்சித்துப் பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களை இயேசு கண்டிப்பதை ஒரு தடவைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. வசனத்தை வெட்டிப் பேசுவது பிசாசின் வழி. மத்தேயு 4-ல் இயேசுவைச் சோதிக்கும்போது அவன் 91-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறான், "உன் வழிகளிலெல்லாம்" என்பதை மட்டும் விட்டுவிடுகிறான். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார்.

குஷ்டரோகம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் 10 தாலந்து வெள்ளியும் 6,000 சேக்கல் பொன்னும் கொண்டுவந்தும் எலிசா தீர்க்கதரிசி தொடவில்லை. பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்குத்தான் குஷ்டரோகம் வந்தது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்பது ஆண்டவர் தம் சீஷருக்குச் சொன்ன வார்த்தை. என் ஆண்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பெயரை விற்றவர்கள் மேல்தான் கோபம்.

சோதித்தறியும் வழியை விவரமாக எழுத நினைத்தேன், இப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அவசரமாகச் சில:

படிவத்தில் நீங்களே எழுதிய விவரத்தைத் திருப்பிச் சொன்னால் அது வெளிப்பாடு அல்ல.

தொகையும் நேரமும் குறித்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டாயமாய் அல்ல, மனதில் நியமித்தபடி கொடுக்கச் சொல்கிறது 2 கொரிந்தியர் 9:7.

தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்று உபாகமம் 18:22-லேயே இருக்கிறது. சாபம் வரும் என்ற மிரட்டலுக்கு அடங்காதீர்கள்.

மருந்தை யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

பணம் அனுப்பிவிட்டிருந்தால் செய்திகளை அழிக்காமல் உடனே வங்கிக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். எங்கள் நாற்பதாயிரத்துக்காக நாங்களும் புகார் கொடுத்திருக்கிறோம்.