அம்பைக் கல்லில் நிற்கும் அய்யன்: குமரிப் படகும் சிலையும்

திருநெல்வேலியிலிருந்து குமரிக்குப் போகிற பலர் கரையில் நின்றே கடல் பாறையில் நிற்கும் வள்ளுவர் சிலையைப் படம் பிடித்துவிட்டு, சிப்பியும் பாசியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. சிலையில் உள்ள கல்லில் பெரும்பகுதி நம் அம்பாசமுத்திரத்தில் வெட்டியது. செதுக்கும் பட்டறைகளில் ஒன்றும் அங்கேதான் இருந்தது. மொத்த எடை சுமார் 7,000 டன். கணபதி ஸ்தபதி வடிவமைத்தார். 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள்.

படகு, பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தினுடையது. பொதிகை, தாமிரபரணி என்று சில படகுகளுக்கு நம் ஊர் மலை, ஆற்றின் பெயர்கள். காலை 8 மணிக்குத் தொடங்கும் சேவை மாலை 4 மணியோடு முடியும். சாதா வரிசை, சிறப்பு வரிசை என்று இரண்டு உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பமார் கூட்டம் நெரியும். அப்போது மட்டும் சிறப்புச் சீட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகும். மற்ற நாட்களில் காலையிலேயே போய் சாதா வரிசையில் நின்றால் போதும். விவேகானந்தர் பாறைக்கு நுழைவுச்சீட்டு தனி.

பல வருஷமாக இருந்த குறை ஒன்று உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும்போது சிலைப் பாறையில் படகு அணைய ஆழம் இருக்காது, தட்டிவிடும். அதனால் விவேகானந்தர் பாறையோடு திரும்ப வேண்டியிருந்தது. இரு பாறைகளையும் இணைத்து 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலம் அந்தக் குறையைத் தீர்த்தது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கண்ணாடிக்குக் கீழே அலை பாறையில் அடித்து நுரைப்பது தெரியும். தலை சுற்றுகிறவர்கள் ஓரமாக நடக்கலாம். ஆனால் ஆடிக் காற்றில் கடல் கொந்தளித்தால் படகே விடமாட்டார்கள், பாலம் இருந்தும் பயனில்லை. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாலம் தாண்டியதும் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். மண்டபத்துக்குள் 140 படி ஏறினால் அய்யன் பாதத்துக்கே போய்விடலாம். உள்சுவரில் அதிகாரத்துக்கு ஒன்றாக 133 குறள் வெட்டியிருக்கிறது. நின்று வாசித்துக்கொண்டே ஏறினால் மூச்சும் வாங்காது. பீடம் 38 அடி, அது அறத்துப்பால். மேலே சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். வலக்கையின் மூன்று விரல் சொல்வதும் அந்த முப்பாலைத்தான். காலையில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம், வெயில் வலப்பக்கமாக விழுந்து அந்த விரல்களை எடுத்துக்காட்டும். இடுப்பில் ஒரு நெளிவு இருக்கிறது, நடராசர் சிலையில் பார்ப்பது போல. அந்த நெளிவோடுதான் கல்லை அடுக்கி ஏற்றியிருக்கிறார்கள்.

2004 சுனாமியில் அலை பாறையைச் சுற்றி எழும்பியும் சிலை அசையவில்லை. அதன் பிறகு குமரியைச் சுற்றியுள்ளவர்கள் இதைத் தங்கள் வீட்டுப் பெரியவர் போலப் பேசத் தொடங்கினார்கள்.

உப்புக்காற்றுதான் இப்போதைய எதிரி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, இணைப்புகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, காகிதக் கூழை அப்பிக் கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சி எடுத்து, அதன்மேல் ரசாயனம் பூசுவார்கள். அந்த மாதங்களில் சிலைக்கு அனுமதி இருக்காது; குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.