ஹார்டுடிஸ்க், எஸ்எஸ்டி, மெமரி கார்டு, டிவிடி: கல்யாண வீடியோக்காரனோட பல வருஷ அனுபவம்

திருமங்கலம் பக்கம் சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கிடாவெட்டுன்னு எல்லாம் எடுப்போம். அதோட சுத்துப்பட்டுல இருக்குற மொபைல் கடைக்காரய்ங்க "இது நம்மால ஆகாதுண்ணே"ன்னு கைய விரிக்கிற பென்டிரைவு, ஹார்டுடிஸ்க்கு எல்லாம் எப்படியோ கடைசில நம்ம டேபிளுக்குத்தான் வந்து சேருது. நான் ஒண்ணும் ரெக்கவரி எக்ஸ்பர்ட் கிடையாது, ஆனா ஒவ்வொண்ணும் எப்படி சாகுது, செத்தப்புறம் எது எந்திரிக்கும் எது எந்திரிக்காதுன்னு பல வருஷமா பக்கத்துல இருந்து பாத்துட்டேன், அதைத்தான் எழுதுறேன். யூட்யூப்ல வர ரிவியூ எல்லாம் ஸ்பீடு எம்புட்டுன்னு மட்டுந்தான் சொல்லுது, போச்சுன்னா திரும்ப வருமான்னு எவனும் சொல்றதில்ல.

என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். எடிட்டிங் எஸ்எஸ்டில (தட்டு சுத்தாம சிப்புலயே டேட்டா வைக்கிற டிரைவ்) பண்ணுங்க, சேமிச்சு வைக்கிறது ஹார்டுடிஸ்க்ல வைங்க. எஸ்எஸ்டி மாதிரி சொகமா வேலை பாக்குற சாமானும் இல்ல, அதை மாதிரி ஈவு இரக்கம் இல்லாத சாமானும் இல்ல.

மெமரி கார்டுல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா அதுலதான் ஜனங்க ரொம்ப பயப்படுறாங்க, ஆனா அதுதான் இருக்குறதுலயே ஈசியா திரும்பக் கிடைக்குறது. ஒரு போட்டோவ டெலிட் பண்ணா போட்டோ அழியுறதில்ல. பஞ்சாயத்து ஆபீஸ் வீட்டுவரி நோட்டுல பேரை அடிச்சுட்டா வீடு இடிஞ்சா போகுது, அங்கதான நிக்கும், இன்னொருத்தன் வந்து அந்த எடத்துல கட்டுற வரைக்கும். அதே கதைதான். 32 ஜிபி வரைக்கும் இருக்குற கார்டு பொதுவா ஃபேட்32ங்கிற முறையில ஃபைலை அடுக்கி வச்சிருக்கும், அதுல டெலிட் பண்ணா ஃபைல் பேரோட முதல் எழுத்து இருக்குற எடத்துல ஒரு குறி போட்டு இந்த எடம் காலின்னு சொல்லிடும், அவ்வளவுதான். அதனாலதான் ரெக்கவரி சாஃப்ட்வேர்ல பாத்தா பேரு முதல் எழுத்து இல்லாம மொட்டையா வரும். 64 ஜிபில இருந்து மேல எக்ஸ்ஃபேட்ங்கிற முறை, அதுலயும் டேட்டா அப்படியேதான் இருக்கும். கேமராவுல சாதாரண ஃபார்மேட் குடுத்தாலும் பெரும்பாலும் இதே நிலமைதான், ஆனா சில கேமரா மெனுல லோ லெவல் ஃபார்மேட்டுன்னு ஒரு டிக் இருக்கும் பாருங்க, அதைப் போட்டுட்டு ஃபார்மேட் பண்ணிட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல.

செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அதே கார்டுல அதுக்கப்புறம் ஒரு ஷாட் கூட எடுக்கக்கூடாது. வெளிய எடுத்து அதோட சைடுல இருக்குற லாக்கை தள்ளி விட்டுட்டு பாக்கெட்ல போட்டுட்டு வந்துரணும். நான் யூஸ் பண்றது போட்டோரெக்ங்கிற ரெக்கவரி சாஃப்ட்வேர், ஃப்ரீதான், டெஸ்ட்டிஸ்க்னு இன்னொரு சாஃப்ட்வேர் கூடவே வர்றது, பாக்குறதுக்கு பழைய காலத்து கருப்பு ஸ்கிரீன் மாதிரி இருக்கும், மவுஸ் வேலை செய்யாது, ஆனா காசு குடுத்து வாங்குன சில சாஃப்ட்வேர் விட்டதை எல்லாம் இது எடுத்திருக்கு. ஜேபெக் ஃபைல்னா ஆரம்பத்துல எஃப்எஃப் டி8 எஃப்எஃப்னு ஒரே மாதிரி பைட் இருக்கும், இது ஃபைல் லிஸ்ட்டை எல்லாம் கண்டுக்காம கார்டு பூரா அந்த அடையாளத்தைத் தேடிட்டே போகும். குறை என்னன்னா பழைய பேரு, ஃபோல்டர் எதுவும் வராது, எல்லாம் நம்பர் நம்பரா வந்து விழும், ரெண்டு கல்யாணம் ஒரே கார்டுல கலந்து கெடந்தா ரெண்டு பொண்ணு மாப்பிள்ளையையும் உக்காந்து பிரிக்கணும். சும்மா நேத்து டெலிட் ஆனதுன்னா ரெக்குவாங்கிற சாஃப்ட்வேர் போதும், பேரோட எடுத்துக் குடுக்கும். எதுல எடுத்தாலும் மீட்குற ஃபைலை அதே கார்டுலயே சேவ் பண்ணிடாதீங்க, வேற டிரைவ்ல போடுங்க, இதை நூறு தடவ சொன்னாலும் நம்மாளுக கேக்குறதில்ல.

வீடியோ கொஞ்சம் வேற. அலங்காநல்லூர் பக்கம் ஒரு கல்யாணம், தாலி கட்டி முடிச்ச ஒடனே கூட வந்த தம்பி ரெக்கார்டை நிறுத்தாம பேட்டரிய உருவிட்டான், ஃபைல் சைஸ் காட்டுது ஆனா எந்த பிளேயர்லயும் ஓடல. மாப்பிள்ளையோட மாமா வேற "என்ன தம்பி, வந்துருச்சா"ன்னு பின்னாலயே நிக்கிறாரு. இதுக்கு காரணம் எம்பி4 ஃபைல்ல எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கிற அட்டவணைய, மூவ் ஆட்டம்னு சொல்லுவாங்க, பெரும்பாலான கேமரா ரெக்கார்டிங் நிறுத்தும்போதுதான் எழுதும். அது எழுதாம நின்னு போச்சுன்னா படம் பூரா உள்ள இருந்தும் பிளேயருக்கு வழி தெரியாது. அன்ட்ரங்க்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, அதே கேமராவுல அதே செட்டிங்ல எடுத்த நல்ல கிளிப் ஒண்ணை மாதிரிக்கு குடுத்தா அதைப் பாத்து அட்டவணைய திரும்பக் கட்டிக் குடுக்கும். தாலி கட்டுன கிளிப் அப்படித்தான் வந்துச்சு. ஆடியோ சில எடத்துல முன்னப்பின்ன இருந்துச்சு, கெட்டிமேளம் போடுற எடம்ங்கிறதால யாரும் கண்டுபிடிக்கல.

இப்ப எஸ்எஸ்டி. விண்டோஸ் 7ல இருந்து டிரிம்னு ஒரு விஷயம் இருக்கு, ஃபைலை டெலிட் பண்ண ஒடனே இந்த எடம் இனி வேண்டாம்னு விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு சொல்லிடும், எஸ்எஸ்டியும் தன்னோட வேகத்துக்காக அந்த எடத்தை தொடைச்சு வச்சுக்கும். எடிட்டிங் பண்ற பையன் ஒருத்தன் ஒரு சடங்கு ஃபோல்டரை ஷிஃப்ட் டெலிட் அடிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல பதறி ஓடி வந்தான், ஒடனே எல்லாத்தையும் நிறுத்திட்டு ஸ்கேன் போட்டேன், ஃபைல் பேரெல்லாம் அழகா வருது, சைஸும் வருது, திறந்து பாத்தா உள்ள பூரா சைபர். எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் அதேதான், டேட்டா ரெக்கவரி லேபுல கேட்டாலும் அதேதான் சொன்னாய்ங்க. நல்லவேளை ரா ஃபுட்டேஜ் இன்னொரு ஹார்டுடிஸ்க்ல இருந்துச்சு, எடிட்டிங் மட்டும் மறுபடி முதல்ல இருந்து.

சாகுறதும் அப்படித்தான். ஹார்டுடிஸ்க்காவது சாகப் போறப்ப சத்தம் போடும், மெதுவாகும், காப்பி பாதில நிக்கும். எஸ்எஸ்டி ராத்திரி நல்லா வேலை பாத்துட்டு காலையில ஆன் பண்ணா பயாஸ்லயே (கம்ப்யூட்டர் ஆரம்பிக்கிறப்ப வர்ற செட்டிங் ஸ்கிரீன்) இருக்காது. கன்ட்ரோலர், அதாவது உள்ள எல்லாத்தையும் நடத்துற சிப்பு, போயிருச்சுன்னா டேட்டா சிப்பை மட்டும் கழட்டிப் படிக்கலாமேன்னு கேப்பீங்க, நெறைய மாடல்ல கன்ட்ரோலரே டேட்டாவ என்கிரிப்ட் பண்ணித்தான், அதாவது பூட்டு போட்டு மாத்தித்தான், சிப்புல எழுதுது, கழட்டிப் பாத்தா குப்பைதான் தெரியும். இன்னொண்ணு, அலமாரில கரண்ட் இல்லாம வருஷக்கணக்கா எஸ்எஸ்டிய போட்டு வைக்காதீங்க, அதுல டேட்டா இருக்குறது மின்சாரமா, அது பைய கசியும். வீட்டு யூஸ் எஸ்எஸ்டிக்கு ஜெடெக்னு சிப்பு கம்பெனிகளோட அமைப்பு வச்சிருக்குற ஸ்டாண்டர்டு கேக்குறதே, எழுதுற ஆயுசு முடிஞ்ச நிலமையில 30 டிகிரி சூட்டுல கரண்ட் இல்லாம 1 வருஷம் தாக்குப் பிடிச்சா போதும்ங்கிறதுதான். புது எஸ்எஸ்டி இதவிட ரொம்ப நாள் தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனா சூடு ஏற ஏற கசிவு சீக்கிரமாகும், மதுரைக்காரனுக்கு 30 டிகிரிங்கிறது மார்கழி மாச மத்தியானம், சித்திரை மாசம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு கீழ என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க.

ஹார்டுடிஸ்க்தான் நான் ரொம்ப நம்புறது, அதுலதான் ரொம்ப அடியும் வாங்கியிருக்கேன். உள்ள தட்டு நிமிஷத்துக்கு 5400 இல்லாட்டி 7200 சுத்து சுத்தும், அதுக்கு மேல டேட்டாவ படிக்கிற, எழுதுற ஹெட்டு தொடாம பறக்கும், இடைவெளி ஒரு சில நானோமீட்டர்தான். ஒரு தூசி அதவிட பல மடங்கு பெருசு. இது தெரிஞ்சப்புறம் மதுரை டவுனுக்குள்ள ஒரு கடையில ஃபேனுக்கு கீழ உக்காந்து ஸ்க்ரூடிரைவர் வச்சு ஒருத்தர் டிஸ்க்கை திறந்து காட்டுனப்ப எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, அந்த டிஸ்க்கு அதுக்கப்புறம் லேபுக்கு போயும் பிரயோஜனம் இல்ல, தட்டுல வட்டமா கோடு விழுந்துருச்சு.

சத்தத்தை கேட்டுப் பழகுங்க. டிக் டிக்குன்னு சீரா அடிச்சா பெரும்பாலும் ஹெட்டு போச்சு. பீப் பீப்னு முனகுனா மோட்டார் சுத்த முடியாம முக்குது, ஹெட்டு தட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கலாம். ரெண்டுலயும் மறுபடி மறுபடி சொருகிப் பாக்குறதுதான் டேட்டாவுக்கு எமன், ஒடனே கழட்டிருங்க. ஃப்ரிட்ஜ்ல வை, தட்டிப் பாருன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா உள்ள வேர்த்துக்கும். போர்டை மட்டும் மாத்துனா ஓடும்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து அதே மாடல் வாங்கிட்டு வந்த ஆளையும் பாத்திருக்கேன், பழைய காலத்து டிஸ்க்ல அது ஓடுனதுதான், இப்ப உள்ளதுல ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனி அளவு விவரம் போர்டுல இருக்குற ரோம் சிப்புல இருக்கும், நான் சொல்றது மெமரி ராம் இல்ல, இது வேற, படிக்க மட்டும் உள்ளது. அந்த சிப்பையும் எடுத்து மாத்தி ஒட்டாம வேலைக்கு ஆகாது.

சத்தம் இல்ல, ஆனா ரொம்ப ஸ்லோ, சில ஃபோல்டர் திறக்கலன்னா அது பேட் செக்டர், அதாவது தட்டுல கெட்டுப்போன எடம். டிஸ்க்கோட ஒடம்பு நிலமைய காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க, 05, சி5, சி6 இந்த மூணு வரிதான் முக்கியம். 05ன்னா கெட்டுப்போன எடத்துக்கு பதிலா ஸ்பேர் எடம் குடுத்தாச்சுன்னு அர்த்தம், சி5ன்னா படிக்க முடியாம தடுமாறி நிக்குற எடம், சி6ன்னா சரி பண்ண முடியலன்னு கைவிட்டது. சி5 ஏறிட்டே போச்சுன்னா நான் அன்னைக்கே அந்த டிஸ்க்கை வேலையில இருந்து தூக்கிருவேன். சி7 மட்டும் ஏறுனா டிஸ்க்கை திட்டாதீங்க, பெரும்பாலும் கேபிள் லூசு. இந்த நிலமையில விண்டோஸ் ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ் பண்ணட்டுமான்னு கேக்கும், வேண்டாம்னு சொல்லுங்க, அதுக்கு ஓடுற செக்டிஸ்க் அந்த டிஸ்க்லயே எழுதி ஃபைல் லிஸ்ட்டை மாத்தி விட்டுரும். நான் லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கிற டூலை ஓட்டுவேன், அது முதல்ல நல்லா படிக்கிற எடத்தை எல்லாம் வேற டிஸ்க்குக்கு நகல் எடுத்துட்டு, மொரண்டு புடிக்கிற எடத்துக்கு கடைசில வரும். எங்க விட்டோம்னு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், அதனால நடுவுல கரண்ட் போனாலும் விட்ட எடத்துல இருந்து தொடரலாம், நம்ம ஊருக்கு இது ரொம்ப தேவை. அப்புறம் ரெக்கவரி எல்லாம் அந்த நகல் மேலதான், ஒரிஜினலை தொடவே மாட்டேன்.

டிவிடி பத்தி சுருக்கமா. ஒரு காலத்துல எல்லாருக்கும் டிவிடிதான் குடுத்தோம், இப்ப ஒவ்வொருத்தரா கொண்டு வாராங்க, வீட்டுல பிளேயரும் இல்ல லேப்டாப்ல டிரைவும் இல்ல. அடிப்பக்கம் கீறல்னா பாலிஷ் போட்டு தப்பிக்கலாம். சிடில மேல லேபிள் பக்கம் கீறுனாதான் ஆபத்து, அந்த மெல்லிய பூச்சுக்கு அடியிலயே எதிரொளிக்குற படலம் இருக்கு. டிவிடில அது ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுல இருக்குறதால கொஞ்சம் பரவால்ல. நாம ரைட் பண்ற டிஸ்க்ல டேட்டா ஒரு சாயத்துலதான் பதியுது, டிவி மேல ஜன்னல் வெயில் படுற மாதிரி வச்சிருந்தா சாயம் வெளுத்து போயிருக்கும். ஒரு டிரைவ்ல படிக்கலன்னா இன்னொரு கம்பெனி டிரைவ்ல போட்டுப் பாருங்க, நெறைய தடவ அதுலயே வந்துருக்கு.

மொபைல்ல அழிஞ்ச போட்டோன்னு வர்றவங்ககிட்ட முதல்ல கூகுள் போட்டோஸ் பின் பாக்கச் சொல்லுவேன், பேக்கப் ஆனதுன்னா 60 நாள் இருக்கும், ஐபோன்னா ரீசன்ட்லி டெலிட்டட்ல 30 நாள். அதுலயும் இல்லன்னா இப்ப வர்ற போன் எல்லாம் என்கிரிப்ட் ஆனது, பிளே ஸ்டோர்ல இருக்குற ரெக்கவரி ஆப் பாதி பழைய தம்ப்நெயிலை (போட்டோவோட குட்டி சைஸ் படம்) காட்டி காசு கேக்குற ஆளுக. அப்புறம் 2 டிபி பென்டிரைவ் ஐநூறு ரூபான்னு ஆன்லைன்ல வர்றது சத்தியமா போலி, உள்ள கொஞ்சூண்டு மெமரி வச்சு விண்டோஸ்ல மட்டும் பெருசா காட்டும், மிச்சம் எழுதுறது எல்லாம் காத்துல போயிரும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூங்கிற டூல் போட்டு முழுசா எழுதிப் படிச்சுப் பாத்தா வண்டவாளம் தெரிஞ்சுரும், புது கார்டு எது வாங்குனாலும் நான் இதை ஓட்டாம மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போறதில்ல. 1 டிபி டிஸ்க்கு 931 ஜிபின்னு காட்டுறது மட்டும் மோசடி இல்ல, கம்பெனிக்காரன் ஆயிரத்தால பெருக்குறான், விண்டோஸ் 1024ஆல வகுக்குது.

லேபு விஷயம். உசிலம்பட்டில இருந்து ஒரு அக்கா டிக் டிக்குன்னு அடிக்கிற போர்ட்டபிள் டிஸ்க்கை துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. "தம்பி, கல்யாண வீடியோ எனக்கு வேண்டாம்ப்பா, அதுல எங்கப்பா நடந்து வர்றாரு, அது மட்டும் போதும்"னாங்க. இப்படித்தான், டேட்டா தேடி வர்றவங்க முக்கால்வாசி பேரு இல்லாமப் போன யாரையோதான் தேடி வாராங்க. சென்னையில க்ளீன் ரூம், அதாவது தூசி இல்லாத ரூம், இருக்குற ஒரு லேபுக்கு அனுப்புனோம், அதே மாடல் வேற டிஸ்க்ல இருந்து ஹெட்டு எடுத்து மாட்டி படிச்சாய்ங்க. செலவு டிஸ்க்கு விலையைப் போல பல மடங்கு, அந்தக்கா பேரம் பேசவே இல்ல. வீடியோ பந்தி ஓடுற எடத்துல நின்னு போச்சு, அதுக்கு முன்னாடியே அவுக அப்பா மாப்பிள்ளை அழைப்புல வந்துட்டாரு.

லேபுக்கு அனுப்புறவங்க ரெண்டு விஷயம் எழுத்துல வாங்கிருங்க, டேட்டா வந்தாதான் காசு, பாத்துச் சொல்றதுக்கு தனி கட்டணம் உண்டா இல்லையா. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஃபைல் லிஸ்ட் காட்டச் சொல்லுங்க, அதுல உங்களுக்கு வேண்டிய ரெண்டு ஃபைலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஏற்கனவே யாராவது திறந்திருந்தா மறைக்காம சொல்லிருங்க. பார்சல்ல டிஸ்க்கை ஆன்டிஸ்டாட்டிக் கவர்ல போட்டு சுத்தி நாலு பக்கமும் நுரை வச்சு, பெட்டிய குலுக்குனா உள்ள ஆடாத மாதிரி பேக் பண்ணுங்க, துண்டு வேண்டாம்.